பின்சீட்டில் போர்த்துகல்

போர்த்துகல் போய் வந்தேன் என்று சொன்னால் நம்மூரில் பாதிப் பேர், "கோவா மாதிரி இருக்குமா?" என்று கேட்கிறார்கள். மீதிப் பேர், "அவ்வளவு தூரம் போனவர் பாரீஸ் போகவில்லையா?" என்கிறார்கள். புதுச்சேரிக்காரனுக்கு வெளிநாடு என்றால் பிரான்சுதான். அங்கே அண்ணனோ மாமனோ மச்சானோ இல்லாத குடும்பம் நம் தெருக்களில் குறைவு. எனக்கும் ஓர் அண்ணன் இருந்தார். அவர் மகன் பாரீசுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன். இப்போது வேலை நிமித்தம் லிஸ்பனில் இருக்கிறான். அவன் அழைத்ததால் போன ஆகஸ்டில் நானும் என் மனைவியும் மூன்று வாரம் அங்கே தங்கியிருந்தோம். அதில் ஒரு சனியும் ஞாயிறும் அவனுடைய மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்து கடற்கரையும் கிராமமுமாகச் சுற்றினேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வண்டி ராயல் என்ஃபீல்டு, 650 சி.சி. சென்னைக்குப் பக்கத்தில் செய்து கப்பலில் ஏற்றி அனுப்பியதை அவன் லிஸ்பனில் வாங்கியிருக்கிறான். நான் சர்வீசில் இருந்த காலம் முழுக்க ஒரு புல்லட்டுக்கு ஆசைப்பட்டு, கடைசியில் டிவிஎஸ் 50-இல் ரிடையர் ஆனவன். "சித்தப்பா, ரெண்டு நாள் வண்டியில போய் வரலாமா?" என்று அவன் கேட்டதும், யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளாமல் சரி என்றேன். என் மனைவிதான், "எழுபத்து நாலு வயசுல இடுப்பு எலும்பு உடைஞ்சா யார் பார்க்கறது?" என்று கேட்டாள். அவன் எனக்காக ஒரு தடித்த ஜாக்கெட், கையுறை, ஹெல்மெட் எல்லாம் நண்பனிடம் இரவல் வாங்கி வைத்திருந்தான். அவற்றையெல்லாம் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது தீயணைப்பு நிலையத்துக் காவலர் போலத்தான் இருந்தேன்.

எங்களுக்குள் பேசி முடிக்க வேண்டிய விஷயம் ஒன்றும் இருந்தது. முத்தியால்பேட்டையில் எங்கள் அப்பா கட்டிய வீட்டை அவர் காலத்துக்குப் பிறகு இரண்டு பாகமாகப் பிரித்துக்கொண்டோம். தெற்குப் பாகம் எனக்கு, வடக்குப் பாகம் அண்ணனுக்கு. அண்ணன், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு 1973-இல் போனவர். போகும்போதும், பிறகு ஒவ்வொரு தடவை வந்து திரும்பும்போதும், "என் பாகத்தைப் பூட்டியே வை, நான் வந்துடுவேன்" என்று சொல்லிச் சாவியை என்னிடம் கொடுப்பார். கடைசியாக 2016-இல் வந்தார். அவர் இறந்து நாலு வருடம் ஆகிறது. வாரம் ஒரு நாள் திறந்து, பெருக்கி, ஜன்னல்களைத் திறந்து வைத்து, மாலையில் சாத்துவது இப்போதும் என் வேலை. போன சித்திரையில் அந்தப் பாகத்தை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். அண்ணன் மகன் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். லிஸ்பனில் பத்து நாள் ஆகியும் நானும் கேட்கவில்லை, அவனும் பேச்செடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். அங்கே சுங்கம் கட்டிப் போகிற விரைவுச் சாலைகள் மிக நன்றாக இருக்கின்றன. ஆனால் அவற்றில் போனால் ஒன்றும் பார்க்க முடியாது என்று அவன் பழைய தேசியச் சாலைகளையே பிடித்தான். ஊருக்குள் 50, வெளியே 90 கிலோமீட்டர் என்பது அங்கே சட்டம். அவன் எனக்காக 70-ஐத் தாண்டவில்லை. லிஸ்பனில் வெயில் சுள்ளென்று இருந்தது. கடற்கரை நெருங்க நெருங்கப் பனிமூட்டமும் குளிரும் வந்தன. கோடைக்காலத்தில் அந்த மேற்குக் கரையில் வடக்கிலிருந்து பலமான காற்று அடிக்கும். அதை 'நோர்தாதா' என்கிறார்கள். ஆகஸ்டில் குளிருமா என்று காலையில் நான் ஜாக்கெட்டைப் பார்த்துச் சிரித்திருந்தேன். இப்போது அதன் கழுத்துப் பட்டனையும் போட்டுக்கொண்டேன்.

முதலில் நின்றது எரிசெய்ரா. வெள்ளைச் சுவரும் நீலக்கரையுமாக வீடுகள், கீழே சின்ன மீன்பிடித் துறை. போர்த்துகலின் கடைசி அரசர் இரண்டாம் மனுவேல், புரட்சி வெடித்த 1910 அக்டோபர் 5 அன்று தாயாரோடும் பாட்டியோடும் இந்தத் துறையிலிருந்துதான் படகேறி நாட்டை விட்டுப் போனார். அப்போது அவருக்கு இருபது வயது. பிறகு இங்கிலாந்திலேயே வாழ்ந்து 1932-இல் இறந்தார். திரும்பி வரவே இல்லை. இப்போது அந்தத் துறையில் பிள்ளைகள் அலைச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

அங்கிருந்து பெனிஷ் வரைக்கும் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மேடும் பள்ளமுமாகத் தோட்டங்கள். கோஸ், உருளைக்கிழங்கு, திராட்சைக்கொடி, பேரிக்காய் மரங்கள். குன்றுகளின் மேல் பழைய வெள்ளைக் காற்றாலைகள். நடுவில் தைலமரத் தோப்பு வரும்போது மட்டும் ஹெல்மெட்டுக்குள் ஊட்டி வாசனை அடித்தது. காகித ஆலைகளுக்காக நிறைய வளர்க்கிறார்கள். எளிதில் தீப்பற்றும் மரம் என்று அங்கேயும் அதைப் பற்றிச் சண்டை இருக்கிறது.

மோட்டார் சைக்கிளில் போகும்போது பேச முடியாது. இரண்டு ஹெல்மெட்டும் காற்றும் இஞ்சின் சத்தமுமாக, அவன் கையைக் காட்டுவான், நான் அவன் தோளைத் தட்டுவேன். நிறுத்து என்றால் இரண்டு தட்டு, மெதுவாகப் போ என்றால் ஒரு தட்டு. வீட்டு விஷயத்தை வைத்துக்கொண்டிருந்த எங்கள் இருவருக்கும் அது வசதியாகவே இருந்தது.

பெனிஷில் கடலை ஒட்டி ஒரு பெரிய கோட்டை. சலசார் ஆட்சியில் அதை அரசியல் கைதிகளின் சிறையாக வைத்திருந்தார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் ஆல்வரு குன்யாலும் இன்னும் ஒன்பது பேரும் 1960 ஜனவரி 3 அன்று படுக்கை விரிப்புகளைக் கயிறாக முறுக்கிச் சுவரிலிருந்து இறங்கித் தப்பியது இந்தக் கோட்டையிலிருந்துதான். 1974 ஏப்ரல் 25 புரட்சிக்குப் பிறகுதான் கதவுகள் திறந்தன. இப்போது அருங்காட்சியகம். அறைகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, துறைமுகத்துக் கடை ஒன்றில் கரியடுப்பில் சுட்ட மத்தி மீன் சாப்பிட்டோம். கல்லுப்பு மட்டும்தான் தடவியிருந்தார்கள். மிளகாயை நமக்குக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் தங்கள் மீனுக்கு ஏன் அதைப் போடவில்லை என்று புரியவில்லை. ஆனாலும் ஆறு மீன் தின்றேன்.

மாலை நசாரே போய்ச் சேர்ந்தோம். லிஸ்பனிலிருந்து மொத்தம் 180 கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். இறங்கும்போது இடுப்பு தனியாகவும் நான் தனியாகவும் இறங்கினோம். உலகத்தின் மிகப் பெரிய அலை வருகிற ஊர் இது. கரைக்குப் பக்கத்திலேயே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு தொடங்கி, மேற்கே போகப் போக ஐயாயிரம் மீட்டர் ஆழம் வரை இறங்குகிறது. தூரத்தில் எழும் அலை அந்தப் பள்ளத்தின் வழியே வேகம் குறையாமல் வந்து, கரையோர ஆழமற்ற தண்ணீரில் வரும் அலையோடு சேர்ந்து எழும்புகிறது. 2020 அக்டோபரில் ஜெர்மனிக்காரர் ஒருவர் 26 மீட்டர் உயர அலையில் சறுக்கி உலக சாதனை செய்தார். அதெல்லாம் குளிர்காலத்தில்தான். நாங்கள் போன அன்று அலை லீவில் இருந்தது. நம்ம கடற்கரைச் சாலையில் பார்ப்பதைவிடச் சின்ன அலைதான்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. கடற்கரை மணலில் மரச்சட்டங்களில் வலை கட்டி, மீனை இரண்டாகப் பிளந்து வரிசையாகக் காயவைத்திருந்தார்கள். அச்சு அசலாக நம் கருவாடு. ஏழு பாவாடை ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்துவது அந்த ஊர் மீனவப் பெண்களின் பழைய வழக்கம். அப்படி உடுத்திய வயதான அம்மாள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். நான் கிட்டே போய் முகர்ந்து பார்த்தேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் ஏதோ சொன்னார். முகர்ந்து பார்த்துப் பேரம் பேசுகிறவன் ஊருக்குப் புதியவனாக இருக்க முடியாது என்று சொன்னதாக அண்ணன் மகன் மொழிபெயர்த்தான். அரைக் கிலோ வாங்கினேன். லிஸ்பன் வீட்டில் அதை வறுத்த அன்று கீழ்மாடிக்காரர் கதவைத் தட்டியது தனிக்கதை.

ஞாயிற்றுக்கிழமை கடலை விட்டு உள்நாட்டுப் பக்கம் திரும்பினோம். அல்கோபாசா மடாலயம் நசாரேயிலிருந்து அரை மணி நேரம்கூட இல்லை. 1153-இல் நிறுவிய மடம். அதன் குசினியைப் பார்க்க வேண்டும். ஒரு முழு மாட்டைச் சுடக்கூடிய அடுப்பும், ஓடு பதித்த பெரிய புகைபோக்கியும், ஆற்று நீரைத் திருப்பி அறைக்குள்ளேயே ஓடவிட்ட வாய்க்காலும் இருக்கின்றன. கோயிலுக்குள் பெத்ரு அரசரும், 1355-இல் கொல்லப்பட்ட அவர் காதலி இனேஸும் எதிரெதிர்க் கல்லறைகளில் கால் நீட்டிப் படுத்திருக்கிறார்கள். உயிர்த்தெழும் நாளில் எழுந்து உட்கார்ந்ததும் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டும் என்று அப்படி வைத்ததாகச் சொல்கிறார்கள்.

அதற்குப் பிறகு சுண்ணாம்புக்கல் மலைகள். மண் குறைவு, கல் அதிகம். பொறுக்கிய கல்லையே சாந்து இல்லாமல் அடுக்கி வயலுக்கு வேலி போட்டிருக்கிறார்கள். நடுவில் ஒலிவ மரங்கள். லிஸ்பன் நடைபாதைகளில் பதிக்கிற வெள்ளைக் கல்லும் இந்தப் பக்கத்தில் வெட்டி எடுப்பதுதான். சாலையில் எதிரே வந்த கார்களில் பாதிக்கு மேல் பிரான்சு நம்பர் பலகை. ஆகஸ்ட் மாதம் அப்படித்தான் என்றான் அண்ணன் மகன். 1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் லட்சக்கணக்கான போர்த்துகீசியர்கள் பிரான்சுக்குப் பிழைக்கப் போனார்கள். வறுமை ஒரு காரணம். அங்கோலா, மொசாம்பிக், கினி காலனிகளில் 1961-இல் தொடங்கிப் பதின்மூன்று வருடம் நடந்த போருக்குக் கட்டாயமாகப் பிடித்துப் போவார்கள் என்ற பயம் இன்னொரு காரணம். அப்படிப் போனவர்களும் அவர்கள் பிள்ளைகளும் ஆகஸ்ட் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறார்கள். கிராமத்துத் திருவிழாக்களையே ஆகஸ்டுக்கு மாற்றிய ஊர்கள் உண்டாம். நமக்கு இது தெரியாத சங்கதியா? நம் தெருவிலும் ஜூலை, ஆகஸ்டில்தானே பிரெஞ்சு பேசும் பேரப்பிள்ளைகள் கொசுக்கடிக்கு அழுதுகொண்டு திரிகிறார்கள்.

மதியம் ஒரு சின்னக் கிராமத்தில் காபி குடிக்க நின்றோம். நானும் அவனும் வழக்கம்போலப் பாதித் தமிழும் பாதிப் பிரெஞ்சுமாகப் பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்து மேசையில் தொப்பி போட்ட ஒருவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "முசே, உங்கள் பிரெஞ்சு என் பிள்ளைகளின் வாத்தியார் பேசுகிற மாதிரி இருக்கிறதே, எங்கே படித்தீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டார். புதுச்சேரியில் என்றேன். அது இந்தியாவில் என்றதும், "கோவாவா?" என்றார். பள்ளிக்கூடத்தில் அவருக்குக் கோவா, தமன், தியூ என்று வரைபடத்தில் குறிக்கச் சொல்லிக் கொடுத்தார்களாம். எனக்கு சேன், லுவார், கரோன், ரோன் என்று பிரான்சு ஆறுகளை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள் என்றேன். இருவரும் சிரித்தோம். என் பிரெஞ்சு டிக்டேஷன் எழுதிக் கற்றது. அவருடையது கட்டட வேலையில் கற்றது. அண்ணன் மகனுடையது பாரீஸ் தெருவில் கற்றது. மூன்று பேரில் காகிதத்தில் பிரெஞ்சுக்காரன் அவன் ஒருவன்தான்.

அவருக்கு என் வயது. 1969-இல், பட்டாளத்துக்குக் கூப்பிடுவதற்கு முன்னால், பதினெட்டு வயதில் கிளம்பியிருக்கிறார். பாஸ்போர்ட் இல்லாமல் எல்லை தாண்டுவதைப் போர்த்துகீசியர்கள் 'பாய்ந்து போவது' என்பார்களாம். ஸ்பெயினைக் கடந்து, பிரெனே மலையை இரவில் நடந்து தாண்டி, பாரீசுக்கு வெளியே ஷம்பிஞியில் சேற்றுக்கு நடுவே தகரக் கொட்டகையில் இரண்டு வருடம் இருந்திருக்கிறார். ஆள் கடத்துகிறவனுக்குப் பணம் கொடுப்பதில் ஒரு முறை வைத்திருந்தார்கள். கிளம்புகிறவன் தன் போட்டோவை இரண்டாகக் கிழிப்பான். ஒரு பாதி அவனிடம், மறு பாதி அழைத்துப்போகிறவனிடம். ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததும் தன் பாதியை வீட்டுக்குத் தபாலில் அனுப்புவான். அழைத்துப்போனவன் மறு பாதியோடு வந்து நிற்பான். இரண்டும் பொருந்தினால்தான் வீட்டார் மீதிப் பணத்தைக் கொடுப்பார்கள். நாற்பது வருடம் அலுவலகத்தில் ரசீதுகளைச் சரிபார்த்தவன் நான். இவ்வளவு நல்ல ரசீதைப் பார்த்ததில்லை.

"வாருங்கள், காட்டுகிறேன்" என்று எழுந்தார். தெருக்கோடியில் அவர் வீடு. மூன்று மாடி, பிரான்சு வீடுகள் போலச் செங்குத்தான கூரை. அந்தத் தாழ்ந்த ஓட்டு வீடுகளுக்கு நடுவில் தனியாகத் தெரிந்தது. கொத்தனார் வேலை செய்த காசில், பன்னிரண்டு ஆகஸ்ட் மாதங்கள் வந்து வந்து தன் கையாலேயே கட்டியிருக்கிறார். மூன்று பிள்ளைகள், ஆளுக்கு ஒரு மாடி. கூடத்துச் சுவரில் அந்தப் போட்டோவின் இரண்டு பாதியையும் ஒட்டிச் சட்டம் போட்டிருந்தார். நெற்றியிலிருந்து மோவாய்வரை ஒரு கோடு. பயந்த பையனின் முகம்.

மனைவி இறந்த பிறகு அந்த மூன்று மாடியிலும் அவர் ஒருவர்தான். மேல்மாடிகளைக் காட்டினார். கட்டில்களில் மெத்தை உறை பிரிக்காமல் இருந்தது. அலமாரியைத் திறந்ததும் பூச்சி உருண்டை வாசனை. அலமாரிக்கு அவர் மொழியிலும் ஏறக்குறைய அதே பெயர், அர்மாரியு. தினமும் காலையில் எல்லா ஜன்னலையும் திறப்பாராம், இருட்டுவதற்குள் சாத்துவாராம். இல்லாவிட்டால் சுவர் பூத்துவிடும். "பதினாலு ஜனேலா" என்று விரல்களை விரித்துக் காட்டினார். நான் கேட்காமலே புரிந்துகொண்டேன். எங்கள் வடக்குப் பாகத்துக்கு ஆறு.

பிள்ளைகள் இந்த ஆகஸ்டில் வந்தார்களா என்று அண்ணன் மகன் கேட்டான். மகள் ஐந்து நாள் வந்தாள், மகன்கள் குடும்பத்தோடு ஸ்பெயின் கடற்கரைக்குப் போய்விட்டார்கள் என்றார். குறையாகச் சொல்லவில்லை. "வருடம் முழுக்க வேலை செய்கிறார்கள். இங்கே வந்தால் நான் குழாய் ஒழுகுகிறது, கூரை பார்க்க வேண்டும் என்று பட்டியல் வைத்திருப்பேன். நானாக இருந்தாலும் ஸ்பெயினுக்குத்தான் போவேன்" என்று சிரித்தார். வாசல்வரை வந்து, வண்டியின் டாங்கியைத் தட்டிப் பார்த்து, இந்தியாவில் செய்ததா என்று ஆச்சரியப்பட்டுவிட்டு வழியனுப்பினார். என் தோளில் கை வைத்து, "இருவருக்கும் வாத்தியார் ஒருவர்தான் போலிருக்கிறது" என்றார். என்ன பொருளில் சொன்னாரோ, எனக்குப் பதில் வரவில்லை.

அங்கிருந்து தெற்கே ஒரு மணி நேரத்தில் ரியு மயோர். கடலிலிருந்து முப்பது கிலோமீட்டர் உள்ளே, மலையடிவாரத்தில் உப்பளம்! மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கே நம்ப முடியவில்லை. நிலத்தடியில் உப்புப் பாறை இருக்கிறது. அதன் வழியே ஊறி வரும் கிணற்று நீர் கடல் நீரைப்போல ஏழு மடங்கு கரிக்குமாம். 1177-ஆம் ஆண்டுப் பத்திரத்திலேயே இந்தக் கிணறு வருகிறது. கிணற்று நீரைச் சின்னச் சின்னப் பாத்திகளில் பாய்ச்சிக் கோடையில் உப்பு எடுக்கிறார்கள். பாத்திகளைச் சுற்றி மரத்தால் ஆன கிடங்குகள். இரும்பை உப்பு அரித்துவிடும் என்று பூட்டையும் சாவியையும்கூட மரத்திலேயே செய்திருக்கிறார்கள்.

அண்ணன் மகன் அந்த மரப்பூட்டு ஒன்றை ஆட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "சித்தப்பா, நம்ம வடக்குப் பாகத்துச் சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

"என்கிட்டதான். எங்க போகும்?"

"வாடகைக்கு விட்டுடுங்க. விக்க வேணாம். ஆனா பூட்டியும் வெக்க வேணாம்."

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உங்கப்பா பூட்டி வைன்னு சொல்லிட்டுப் போனார்ப்பா. நான் சரின்னு சொல்லியிருக்கேன்" என்றேன்.

"அப்பா கடைசிவரைக்கும் அந்த வீட்டைப் பத்தியேதான் பேசினார். ஆனா நான் அங்க மொத்தமா நாப்பது நாள் தூங்கியிருந்தா அதிகம். எப்ப வந்தாலும் அந்தப் பூச்சி உருண்டை வாசனைதான். இன்னிக்கு அந்தப் பெரியவர் அலமாரியத் திறந்ததும் எனக்கு நம்ம வீடுதான் ஞாபகம் வந்துச்சு. ஞாயித்துக்கிழமையெல்லாம் நீங்க ஜன்னல் திறந்துக்கிட்டு நிக்கிறதும் ஞாபகம் வந்துச்சு. அப்பாவுக்கு நீங்க குடுத்த வார்த்தையை முழுசாக் காப்பாத்திட்டீங்க. இனிமே அது என் பாகம். நான் சொல்றேன், திறந்து விடுங்க."

அவன் இவ்வளவு தமிழைச் சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லை. அண்ணன் படுத்த கட்டில், அவர் பெட்டி, அப்பாவின் படம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன என்றேன். தெற்குப் பாகத்தில் ஓர் அறையில் வைத்துக்கொள்ளுங்கள், வந்தால் அந்தக் கட்டிலில் படுத்துக்கொள்கிறேன் என்றான். வாடகையை யார் பெயரில் போடுவது என்பதுவரை அவன் யோசித்து வைத்திருந்தான். குமாஸ்தா வீட்டு ரத்தம் எங்கே போகும்!

ஒரு பொட்டலம் உப்பு வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினோம். லிஸ்பன் வரும்வரை வழக்கம்போல ஒன்றும் பேசவில்லை. வெயில் சாயும் நேரம். சாலையோரக் கிராமங்களில் ஆகஸ்ட் திருவிழாவுக்காகக் காகிதத் தோரணம் கட்டியிருந்தார்கள். எனக்கு அண்ணன் ஞாபகமாகவே இருந்தது. அவர் இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். நானும் அவரை எதிர்த்துப் பேசியிருக்க மாட்டேன்.

ஊருக்கு வந்து, கார்த்திகையில் வெள்ளையடித்து, தை பிறந்ததும் வடக்குப் பாகத்தை வாடகைக்கு விட்டேன். அரசு மருத்துவமனையில் நர்சாக இருக்கும் ஒரு பெண், அவள் கணவர், இரண்டு பிள்ளைகள். அண்ணன் பெட்டியையும் கட்டிலையும் நகர்த்திய அன்று எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை என்பது உண்மை. இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் காலையில் ஏழு மணிக்குக் குக்கர் விசில் அடிக்கிறது. சின்னப் பையன் பந்தை எங்கள் முற்றத்தில் போட்டுவிட்டுத் தினமும் இரண்டு தடவை எடுக்க வருகிறான். என் மனைவி திட்டிக்கொண்டே முறுக்கு கொடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு வேலையில்லாமல் போயிற்று. அந்த நேரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

போர்த்துகல் போக நினைக்கும் நண்பர்களுக்கு ஒன்றிரண்டு விவரம். பிள்ளைகள் வண்டியில் கூப்பிட்டால் வயதைச் சொல்லி மறுக்காதீர்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நடந்தால் இடுப்பு தாங்கும். ஆகஸ்டானாலும் கடற்கரைப் பக்கம் போகும்போது ஸ்வெட்டர் வேண்டும். போர்த்துகீசிய மொழி தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். கிராமங்களில் வயதானவர்களிடம் பிரெஞ்சில் பேசிப் பாருங்கள், வெகு பேருக்குத் தெரிந்திருக்கிறது. கருவாடு வாங்கினால் மட்டும், கீழ்மாடியில் யார் குடியிருக்கிறார்கள் என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.